மாமா வண்டியும் என் வெள்ளைக் கைக்குட்டையும்

எட்வின்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது, எழுந்துபோய் விடுகிறேன். இன்று ஞாயிறு. காலைப் பூசை முடிந்து வந்து, நேற்று வைத்த மீன்குழம்பில் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, இன்று கோபம் வந்தாலும் எழுந்திருக்கக் கூடாது என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே இடையில் எங்காவது என் சொல் தடித்தால் பொறுத்துக்கொள். பாதியில் கிழித்துப் போட்டுவிடாதே. கடைசிவரை படி.

நீ இரண்டு விஷயம் எழுதியிருக்கிறாய். கல்யாணத்துக்குப் பிறகு நீயும் ஸ்டெல்லாவும் சேர்ந்து ஒரு கார் வாங்கப் போகிறீர்கள். டீசல் வாங்குவதா, பெட்ரோல் வாங்குவதா, எது காற்றைக் குறைவாகக் கெடுக்கும் என்று ஒரு பக்கம் முழுக்கக் கேட்டிருக்கிறாய். இன்னொன்றைக் கடைசியில், உன் கையெழுத்துக்கு மேலே, இடம் போதாமல் நெருக்கி எழுதியிருக்கிறாய். கல்யாணத்தன்று வீட்டிலிருந்து கோயிலுக்கு அந்தோணி மாமாவின் வண்டியில்தான் போவாய்; அம்மா இருந்திருந்தால் அதைத்தான் விரும்பியிருப்பாள்; நானும் அதில் உன் பக்கத்தில் உட்கார்ந்து வரவேண்டும். அதற்குக் கேள்விக்குறிகூட நீ போடவில்லை. முடிவு செய்துவிட்டுத் தெரிவிக்கிற தோரணை. அது என்னிடமிருந்து உனக்கு வந்ததுதான், குறை சொல்ல மாட்டேன்.

முதல் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாவதைத் தள்ளிப்போடுவதற்காக என்று நீ நினைப்பாய். நம் வீட்டில் இரண்டும் வேறுவேறாக என்றைக்கு இருந்தன? டீசல் என்றால் உன் மாமா, பெட்ரோல் என்றால் நான். நடுவில் உன் அம்மா.

மாமா அந்த அம்பாசிடரை வாங்கியபோது அது பெட்ரோல் வண்டி. பூந்தமல்லியில் கல்யாணம், கருமாதி, விமான நிலையம் என்று வாடகைக்கு ஓட்டினார். பெட்ரோல் விலை ஏறியதும் வாடகை வண்டிக்காரர்கள் எல்லாரும் செய்ததை அவரும் செய்தார். பாடியில் ஒரு பட்டறையில் விட்டு, பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜினை உட்கார வைத்தார். ஏதோ வேனிலிருந்து எடுத்த பழைய இன்ஜின். அந்த வண்டிக்காகச் செய்ததும் இல்லை, அந்த வண்டிக்குப் பொருந்தவும் இல்லை. முதல் நாள் அதை நம் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது, அலமாரியில் இருந்த தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. உன் அம்மா சிரித்தாள். "அண்ணே, இன்னா இது, மாவு மில்ல ஓட்டினு வந்துகீறே?" என்றாள். இத்தனை வருஷம் என்னோடு இருந்து அவள் பேச்சு எவ்வளவோ மாறியிருந்தது. அண்ணனைக் கண்டால் மட்டும் பூந்தமல்லிப் பேச்சு திரும்பிவிடும்.

எனக்கு அந்தச் சத்தம்கூடப் பெரிதில்லை. அவர் வண்டியை அணைக்க மாட்டார். அதுதான். பேட்டரி பலவீனம், அணைத்தால் மறுபடி கிளம்பாது, நாலு பேர் தள்ள வேண்டும். அதனால் வாசலில் உறுமவிட்டுவிட்டு உள்ளே வந்து காபி குடிப்பார். பின்பக்கத்துக் குழாய் நேராக நம் முன்னறை ஜன்னலைப் பார்த்திருக்கும். உன் அம்மாவுக்கு மூச்சிழுப்பு உண்டு என்பது அவருக்குத் தெரியாததா? "கொஞ்சம் அணைங்க மச்சான்" என்று நானும் நல்லபடியாகத்தான் ஆரம்பித்தேன். "அணைச்சா நீ தள்ளுவியா மாப்ளே? பேண்ட்டு கசங்கிடும் உனுக்கு" என்பார். டீசல் புகைக்குக் கொசு வராது என்று வேறு சொல்வார். சில மாதங்களில் டீசலோடு மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றினார் என்று எனக்குத் தெரியும். புகையின் நாற்றமே காட்டிக்கொடுத்துவிடும். உன் மாமாவைத் தியாகி என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால் இதையும் சேர்த்து நினைத்துக்கொள்.

நீ முதன்முதலாக நற்கருணை வாங்கிய அன்று வைத்த புதுநன்மை விருந்து உனக்கு எவ்வளவு நினைவிருக்குமோ. வெள்ளைச் சட்டை, கையில் மெழுகுவத்தி, தலையில் எண்ணெய் வழிய நீ நின்ற படம் இன்னும் சுவரில் இருக்கிறது. அன்று உறவெல்லாம் நம் வீட்டில். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் தன் பெட்ரோல் காரில் வந்திருந்தார். அந்த வாரம்தான் எனக்கு வரவேண்டிய உயர்வை, எனக்குப் பின்னால் சேர்ந்தவனுக்கு, மேலாளரின் மைத்துனன் என்ற ஒரே தகுதிக்காகக் கொடுத்திருந்தார்கள். அவனிடம் காட்ட முடியாத கோபத்தை யாரிடமாவது காட்டவேண்டும் என்று இருந்தேன் போல. மாமா வழக்கம்போல வண்டியை உறுமவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் என் வெள்ளைக் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, எல்லாரையும் வாசலுக்குக் கூப்பிட்டேன். மூலையில் நீல நூலில் என் பெயரின் முதல் எழுத்தை உன் அம்மா தைத்துத் தந்த கைக்குட்டை அது.

அதைக் குழாயின் வாயில் பிடித்துக்கொண்டு மாமாவை ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொன்னேன். "இன்னா மாப்ளே, என் வண்டிக்குச் சளி புடிச்சிகீதா? மூக்கு தொடைக்க வந்துட்டே!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மிதித்தார். எடுத்துக் காட்டினேன். நடுவில் ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாகக் கறுப்பு வட்டம், மை ஊற்றியதுபோல. அதையே மடித்து, சுத்தமான பக்கத்தை நண்பரின் பெட்ரோல் காருக்குப் பிடித்தேன். ஈரம்தான் கொஞ்சம் காய்ந்தது. துணி வெள்ளையாகவே இருந்தது. "பாத்துக்கோங்க மச்சான். உங்க தங்கச்சி மூச்சுல போறது இதுதான்" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. மாமா உடனே விடவில்லை. "அப்டியே உன் ஸ்கூட்டருக்கும் ஒருவாட்டி புடி. தெருவே நீலமா பூடுது. அது இன்னா, கோயில் சாம்பிராணியா?" என்றார். ஸ்கூட்டரில் பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றுகிறோம், அதனால் வரும் புகை அது, இங்கே பேச்சு காரைப் பற்றி என்றேன். அவர் குரல் இறங்கிவிட்டது. "அவ மூச்சப் பத்தி எனுக்கு நீ சொல்றியா? அஞ்சு வயசுல இழுத்துகினு கெடந்தவள தோள்ல போட்டுனு ஆஸ்பத்திரிக்கு ஓடினவன் நானு." உன் அம்மா வாசற்படியில் கரண்டியோடு நின்றாள். "சோறு ஆறுது. ரெண்டு பேரும் புகைய வுட்டுட்டு கையக் கழுவிகினு வாங்க" என்றாள். மாமா சாப்பிடாமல் போய்விட்டார். அந்த வண்டி இனி இந்த வாசலுக்கு வரக்கூடாது என்று நான் அவர் முதுகுக்குச் சொன்னேன். அவர் காதில் விழும்படிதான் சொன்னேன்.

கைக்குட்டையை உன் அம்மா சோப்புப் போட்டாள், சோடா உப்பில் வேகவைத்தாள், வெயிலில் போட்டாள். வட்டம் சாம்பல் நிறமானதே தவிரப் போகவில்லை. "கரி போவலைங்க" என்று மடித்து வைத்துவிட்டாள்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். அன்று அந்தத் துணி சொன்னது பொய் இல்லை. டீசல் புகையில் கரித்துகள் உண்டு. பொடிப்பொடியாக நெஞ்சுக்குள் போய்த் தங்கும். கந்தகம் உண்டு. இன்ஜினுக்குள் அழுத்தமும் சூடும் அதிகம் என்பதால், காற்றிலிருக்கும் நைட்ரஜனே எரிந்து கண்ணையும் தொண்டையையும் அறுக்கும் வாயுவாக வெளியே வரும். இழுப்பு இருக்கிறவர்களுக்கு இவையெல்லாம் ஆகவே ஆகாது. இதில் நான் சொன்ன ஒரு வார்த்தையையும் இன்றுவரை திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் கைக்குட்டை கரியைத்தான் பிடிக்கும். பெட்ரோல் கார் விடுகிற கார்பன் மோனாக்சைடை அது பிடிக்காது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கதவடைத்த ஷெட்டில் பெட்ரோல் வண்டியை ஓடவிட்டால் ஆளையே கொன்றுவிடும். டீசலில் அது குறைவு. எரியாமல் தப்பி வருகிற பெட்ரோல் ஆவியையும் துணி பிடிக்காது. இன்னொன்று, ஒரு லிட்டரில் டீசல் வண்டி அதிக தூரம் போகும். அதே தூரத்துக்குக் கரியமில வாயுவைக் குறைவாக விடும். பூமி சூடாகிறது என்று இப்போது பத்திரிகையில் எழுதுகிறார்களே, அந்தக் கணக்கில் உன் மாமாவின் வண்டி ஜெயிக்கும். ஒன்று பக்கத்தில் நிற்பவனைக் கெடுக்கும். மற்றது கண்ணுக்குத் தெரியாமல் எல்லாரையும் கெடுக்கும். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் நான் குற்றம் சாட்டினேன். பொறியியல் படித்தவன் துணியை நம்பினேன்.

பாடி பஸ் நிறுத்தம் உனக்கு மறந்திருக்காது. அன்று மாமாவின் மகள் லில்லியின் புதுநன்மை. காலையிலேயே மாமா வந்தார். வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்து, வாசலுக்கு வெளியே நின்றே பேசினார். "தங்கச்சி, வண்டி மொனையில கீது. எட்வினையும் இட்டுகினு வா, போலாம்." நான் பேப்பரை இறக்கவில்லை. உன் அம்மா என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "நான் பஸ்ல வந்துடுறேண்ணே. டீசல் எனக்கு ஒத்துக்காது" என்றாள். அது என் சொல். என் பேச்சில், என் உச்சரிப்பில் அவள் சொன்னாள். பேப்பருக்குப் பின்னால் எனக்கு எவ்வளவு திருப்தியாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

நான் போகவில்லை. நீயும் அவளும் போனீர்கள். சாயங்காலம் வந்ததும் நீ செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் சொன்னாய்: "பாடில எவ்ளோ நேரம் நின்னோம் தெரியுமாப்பா? பூந்தமல்லி பஸ் வரவே இல்ல. லாரியா வருது. அங்க வர்றது எல்லாமே டீசல்தான்பா." உன் அம்மா முந்தானையை மூக்கிலிருந்து எடுக்காமலே உள்ளே போனாள். நான் உனக்குப் பாடம் நடத்தினேன். பஸ்ஸில் அறுபது பேர் போகிறார்கள், புகையை அறுபதாகப் பங்கு போட வேண்டும், காரில் நாலு பேருக்காக அவ்வளவு புகை என்றெல்லாம் சொன்னேன். அது சரியான கணக்கு, இப்போதும் சொல்கிறேன். உனக்கும் ஸ்டெல்லாவுக்கும் பஸ்ஸோ ரயிலோ கிடைக்கிற வழிக்குக் காரை எடுக்காமல் இருப்பதுதான் டீசலையும்விட, பெட்ரோலையும்விட நல்லது. ஆனால் அன்று உன் அம்மா அந்தக் கணக்குக்குள் இல்லை. ஒரு டீசல் வண்டியைத் தவிர்ப்பதற்காக, ஊரிலுள்ள டீசல் வண்டிகள் எல்லாம் ஒன்றுகூடும் இடத்தில் போய் நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. எனக்குக் கேட்டது. நான் வேறு அறையில் இருந்தேன்.

பிறகு நீ படிக்கப் போய்விட்டாய். நீ ஊரில் இல்லாத அந்த வருஷங்களில் ஒருநாள் அம்பத்தூர் பங்க்கில் ஒரு புதிய பலகை பார்த்தேன். 'ஈயம் இல்லாத பெட்ரோல் இங்கு கிடைக்கும்.' ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லாத என்றால், இதுவரை இருந்தது. எனக்குத் தெரியாத செய்தியா? கல்லூரியில் எழுதியிருக்கிறேன்: இன்ஜின் தட்டாமல் ஓட பெட்ரோலில் ஈயம் சேர்க்கப்படுகிறது. பரீட்சைக்கு எழுதினேன், மதிப்பெண் வாங்கினேன். அந்த ஈயம் குழாய் வழியாக எங்கே போகிறது, யார் வீட்டு முன்னறைக்குப் போகிறது என்று எந்தக் கேள்வித்தாளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வெள்ளையாக இருந்த துணியில் அது தெரியாது. நீ பள்ளிக்கூடம் போனதெல்லாம் என் ஸ்கூட்டரில், முன்னால் நின்றுகொண்டு. ஈயம் முதலில் குழந்தைகளின் மூளையைத்தான் தேடிப் போகும் என்று பிறகு படித்தேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஈயமா? பாத்திரத்துக்குப் பூசுற ஈயமா?" என்றாள். அது வெள்ளீயம், இது காரீயம், விஷம் என்றேன். கொஞ்சம் யோசித்தாள். "அதான் உங்க பெட்ரோல் புகை ஈயம் பூசின மாதிரியும் இருந்துது, பூசாத மாதிரியும் இருந்துதா!" என்று சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு இழுப்பு வரும். வந்தது. அடங்கியபின் கீரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அப்போ அண்ணன வரச் சொல்லட்டுமாங்க?"

எட்வின், இந்தக் கடிதத்தில் நான் எழுதவேண்டியிருந்தது இந்த ஒரு வரிதான். அவள் அந்தப் பலகையிலிருந்து நேராக அங்கே போய்விட்டாள். இரண்டும் புகைதான் என்றால், அண்ணன் மட்டும் ஏன் வெளியே நிற்க வேண்டும்? பத்து நிமிஷத்தில் அவளுக்குத் தோன்றியது. நான் சொன்னேன்: "ஈயம் வேற, கரி வேற." வேதியியல்படி அதுவும் சரிதான். அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் அவள் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும்.

அடுத்த மழைக்காலத்தில் அவள் போய்விட்டாள். எந்தப் புகை செய்தது என்று மருத்துவரைக் கேட்டேன். பிறவியிலிருந்தே பலவீனமான நெஞ்சு, அக்கம்பக்கத்துப் பட்டறைகளின் தூசி, மண்ணெண்ணெய் அடுப்பு, தெருப் புகை என்று அடுக்கிவிட்டு, "உள்ள போன புகைக்கு யாரும் பேர் எழுதி ஒட்டி அனுப்பலியே சார்" என்றார். எனக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. அவர் தரவில்லை. அவர் மேலும் எனக்குக் கோபம்தான்.

அடக்கத்தன்று நீ ரயிலிலிருந்து இறங்கி வருவதற்கு முன் நடந்ததை உன்னிடம் சொன்னதில்லை. வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். நான் நாற்காலியில் இருந்தேன். தெருமுனையில் அந்த இன்ஜின் சத்தம் கேட்டது. எத்தனை வருஷம் ஆனாலும் எனக்கு அது தெரியும். இன்றைக்குமா என்று எழுந்தேன். சத்தம் நின்றது. வாழ்க்கையில் முதல்தடவையாக அந்த மனிதர் வண்டியை அணைத்திருந்தார். பார்த்தால், சத்தமே இல்லாமல் வண்டி தெருவுக்குள் வருகிறது. பின்னால் இரண்டு பேர் தள்ளுகிறார்கள். மாமா முன்கதவைத் திறந்துவைத்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டே நடந்து வருகிறார். முந்தின நாள் மழைச் சேற்றில் சக்கரம் புதைந்து புதைந்து எழுந்தது. நம் வாசல்வரை அப்படியே கொண்டுவந்தார், அவள் கிடந்த அறையின் ஜன்னலுக்கு நேராக. ஒரு துளிப் புகை இல்லை. உள்ளே போய் அவள் காலடியில் உட்கார்ந்தார். "அணைச்சிட்டேம்மா" என்றார். திரும்பிப் போகும்போதும் தெருமுனைவரை தள்ளிக்கொண்டுதான் போனார்கள். எழுந்த நான் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் பேண்ட் கசங்கவில்லை.

காரைப் பற்றி முடிவாகச் சொல்லிவிடுகிறேன். இப்போது வருகிற புதிய பெட்ரோல் வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்ய ஒரு கருவி வைக்கிறார்கள். அப்படிப்பட்டதை வாங்கு. அதில் ஈயம் இல்லாத பெட்ரோல்தான் ஊற்ற வேண்டும். அவசரத்துக்கு ஒருதடவை மற்றதை ஊற்றினாலும் கருவி கெட்டுவிடும். உங்களுக்குத் தினமும் நெடுந்தூரம் போகிற வேலை இல்லை. டீசலின் மைலேஜ் உங்களுக்கு வேண்டாம். வாங்கியபின் சுத்தமான வண்டி வைத்திருக்கிறோம் என்று மட்டும் நினைத்துவிடாதே. அது குறைவாகக் கெடுக்கும், அவ்வளவுதான். அடுத்தவன் ஜன்னலுக்கு நேரே எந்த வண்டியையும் உறுமவிட்டு நிறுத்தாதே. ஸ்டெல்லா ஏதாவது கேட்டால், அதில் எவ்வளவு வேதியியல் இருக்கிறது என்று பார்க்காதே. எதற்காகக் கேட்கிறாள் என்று பார்.

இரண்டாவது விஷயம். உன் மாமா மேல் எனக்கு இருக்கிற வருத்தம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அவர் அன்றைக்கு அணைத்ததை அவள் உயிரோடு இருந்தபோது அணைத்திருக்கலாம். விருந்தன்று அவர் முதுகுக்குச் சொன்னதை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். இருவரும் இதைப் பேசித் தீர்க்கப்போவதில்லை. எங்களுக்கு வயதாகிவிட்டது, இரண்டு பேருக்கும் வாய் அதிகம்.

வண்டியை வாசலுக்கே கொண்டுவரச் சொல். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை, அதை நீயே அவரிடம் சொல்லிவிடு: நம் வீட்டு வாசலிலும் சரி, கோயில் வாசலிலும் சரி, வண்டி நின்றதும் அணைத்துவிட வேண்டும். பேட்டரி இன்னும் அதே லட்சணத்தில்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். மறுபடி கிளப்ப ஆள் தேடவேண்டாம் என்று சொல்.

பின்னால் நின்று நான் தள்ளுகிறேன்.

அப்பா